பீரங்கியைப் பின்னால் நடத்தியவர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால, கும்பினிக்காரன் நம்ம சீமையில வரி கேட்டு, குடுக்காத கோட்டையையெல்லாம் இடிச்சுக்கிட்டு வந்த நாள்ல, கரிசக்காட்டுல ஏழுகிணத்துப்பட்டின்னு ஒரு ஊர் இருந்துச்சாம். நம்ம ஊர்தான். அந்த ஊர்ல பெத்தணன்னு ஒருத்தர் இருந்தாராம்.

பெத்தணனுக்கு வேலை கமலை இறைக்கிறது. கமலை தெரியுமில்ல? கிணத்துக்குள்ள தண்ணி மொள்ற பெரிய சால் தொங்கும். அதோட வடம் மாட்டு நுகத்தடியில கட்டியிருக்கும். மாடு சரிவுல இறங்குனா சால் மேல வந்து தண்ணி கொட்டும். கொட்டுனதும் மாடு திரும்பாது. அப்படியே பின்னங்காலு போட்டு, பின்னாலயே நடந்து மேட்டுக்கு வரும். சால் மறுபடி கிணத்துக்குள்ள போகும். காலையிலிருந்து பொழுது சாயுற வரைக்கும் இதேதான், ஆள் பாடுற பாட்டுக்குத் தக்கன மாடு நடக்கும். முன்னே போ, பின்னே வா. முன்னே போ, பின்னே வா.

பெத்தணனோட மாடு ரெண்டு. ஒண்ணு மயிலை, ஒண்ணு செவலை. அவருக்கு ஒரே மக, சீனியம்மா. பொட்டல்கோட்டையில வாக்கப்பட்டிருந்தா. நிறைமாசம்.

அந்தப் பொட்டல்கோட்டையைத்தான் கும்பினிப் பட்டாளம் இடிக்கப் புறப்பட்டுச்சாம். மண்கோட்டைதான், ஆனா கெட்டியான மண்ணு. சின்னக் குண்டெல்லாம் உள்ளே போய்ப் புதைஞ்சுக்கிடும். அதனால தூரத்துலேருந்து ஒரு பெரிய பீரங்கியை இழுத்துட்டு வந்தாங்க. வழியில மழை. கரிசமண்ணுல மழை பெஞ்சா என்ன ஆகும்? அவங்க மாடெல்லாம் சேத்துல மாட்டி, காணை நோய் கண்டு, பாதி செத்துப்போச்சு, மிச்சம் படுத்துப்போச்சு.

ஒருநாள் காலையில துபாஷி ஒருத்தர் சிப்பாய்களோட நம்ம ஊருக்குள்ள வந்தாராம். வெள்ளைக்காரத் துரை பேசுறதைத் தமிழ்ல சொல்றவர்தான் துபாஷி. பட்டணத்து ஆளு. தலைப்பாகை நலுங்காம நடப்பாராம்.

"ஊர்ல இருக்கிற மாட்டையெல்லாம் அவிழ்த்துட்டு வாங்க. பீரங்கி இழுக்கணும்."

வண்டி மாட்டையெல்லாம் ஊர்க்காரங்க முன்னாடியே காட்டுக்கு ஓட்டிட்டாங்க. மிச்சம் இருந்தது கமலை மாடுதான். பெத்தணன் முன்னால போய்ச் சொன்னாராம்:

"சாமி, இதெல்லாம் வண்டி மாடு இல்ல. கமலை மாடு. வேற பழக்கம்."

"மாடுன்னா மாடுதானே ஓய்! கொம்பு இருக்கு, வால் இருக்கு. இழுக்காதா?"

"இழுக்கும் சாமி. நல்லாவே இழுக்கும்."

"அப்புறம் என்ன பேச்சு? பூட்டு!"

பெத்தணன் தன் மாட்டை அவிழ்த்துட்டு வந்தாராம்.  அப்புறம், "பீரங்கிக்கு ஒட்டுனாப்புல என் ஜோடியைக் கட்டுங்க"ன்னு கேட்டாராம்.

பக்கத்துல நின்ன இன்னொரு கமலைக்காரன் கருத்தபாண்டிக்குக் கோவம் வந்துடுச்சு.

"ஏ மாமா, மகளைச் சுடப்போற பீரங்கிக்கு உம்ம மாடுதான் கிட்டக்க நிக்கணுமாக்கும்? கும்பினிக்காரன் பட்டுவேட்டி கட்டிவிடுவான்னு பாக்கீரா?"

"ஆமா மாப்ளே. கரை போட்ட வேட்டியா கேட்டுருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாராம்.

ஜோடிக்குப் பின்னால ஜோடியா மாட்டைப் பூட்டி, நீளமா வடம் கட்டி, இழுத்தாங்க. நம்ம ஊர் ஆளுங்களையே சக்கரத்துக்குப் பின்னால நின்னு தள்ளச் சொன்னாங்க. கீழ்ப்பாதை முழுக்கச் சேறு. கண்மாய்க்கரை மேல ஏறிப்போனாத்தான் கோட்டைக்குப் போகலாம். கரை ஏத்தம் செங்குத்து. ஏத்தத்துக்கு அடியில உழுது தண்ணி கட்டின வயல்.

மாடு ஏறுச்சு. பீரங்கி ஏறுச்சு. முக்காவாசி ஏத்தம் ஏறுனதும் பெத்தணன் பாட ஆரம்பிச்சாராம்.

மேல வந்துச்சு சாலு – ராசா
மெல்ல எடுத்துவையி காலு…

பட்டாளத்தோட வந்த துரைக்கு ஒரே சந்தோஷம். "என்ன பாடுறான்?"னு கேட்டாராம். "மாட்டுக்கு உற்சாகம் வர்றதுக்குப் பாடுறான் துரை"ன்னாராம் துபாஷி.

ஆனா சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் கமலை இறைக்கிறவங்க. இந்தப் பாட்டுக்கு அடுத்த அடி என்னன்னு அவங்களுக்குத் தெரியும். கருத்தபாண்டி நிமிர்ந்து பாத்தான். பெத்தணன் பீரங்கிக்குக் கிட்டத் தன் ஜோடியைக் கேட்டது ஏன்னு அப்பத்தான் அவனுக்குப் புரிஞ்சுச்சு. வேற யாரு மாடும் அங்கே நிக்கக் கூடாது, அதுக்குத்தான். அவன் மெதுவா ஒதுங்குனான். பக்கத்துல இருந்தவனும் ஒதுங்குனான். ஒரு ஆள் பாக்கியில்லாம ஒதுங்குனாங்க.

கொட்டியாச்சு தண்ணி – ராசா
பின்னே வாடா பின்னே!

அவ்வளவுதான். அத்தனை மாடும் சேர்ந்தாப்புல பின்னங்காலு போட்டுச்சு. பீரங்கி உருண்டுச்சு. முன்னால மாடு ஓட்டுன நம்ம ஊர்க்காரங்க இடுப்பு அருவாளால வடத்தை வெட்டி விட்டாங்க. பெத்தணன் குனிஞ்சு செவலையோட கயித்தை வெட்டுனாரு. மயிலை பக்கம் போறதுக்குள்ள பீரங்கி அதையும் இழுத்துக்கிட்டுத் தடதடன்னு இறங்கி வயலுக்குள்ள விழுந்துச்சு. சேத்துல சக்கரம் முங்குற அளவுக்குப் புதைஞ்சுச்சாம். மயிலை எந்திரிக்கவே இல்ல.

துரை வாளை உருவிக்கிட்டு வந்தாரு. "என்ன செஞ்சான் இவன்?"

பெத்தணன் சேத்துல உக்காந்து, மயிலையோட தலையை மடியில வச்சுக்கிட்டு, துபாஷி முகத்தைப் பாத்துச் சொன்னாராம்:

"நான்தான் அப்பவே சொன்னேனே சாமி, கமலை மாடுன்னு. துரைகிட்ட அதையும் சொல்லுங்க."

துபாஷிக்கு வேர்த்துப்போச்சு. அதைச் சொன்னா, சொல்லியும் கேக்காத குத்தம் யார் மேல விழும்? தலைப்பாகையைச் சரிபண்ணிக்கிட்டு, "மாடு மிரண்டுடுச்சு துரை. பாவம், இவன் மாடும் போச்சு"ன்னாராம்.

பீரங்கியைச் சேத்துலேருந்து தூக்கிக் கரையேத்த எத்தனையோ நாளாச்சு. அதுக்குள்ள கோட்டையில இருந்த சனமெல்லாம் மேக்கு வாசல் வழியா மலைக்குப் போயிட்டாங்க. கோட்டை இடிஞ்சது நெசம். அந்தச் சண்டையில கும்பினிக்காரன்தான் செயிச்சான், அதுவும் நெசம். ஆனா இடியுறப்ப உள்ளே ஒரு பிள்ளை குட்டி இல்ல. சீனியம்மாவுக்கு மலையில ஆம்பளைப்பிள்ளை பொறந்துச்சு. அந்தப் பிள்ளை வழியில வந்தவங்கதான் நம்ம தெருவுல பாதிப்பேரு.

பெத்தணன் அதுக்கப்புறம் கமலை இறைக்கலையாம். செவலை ஒத்தையில எப்படி இழுக்கும்? கருத்தபாண்டிதான் தன் மாட்டுல ஒண்ணைக் கொண்டுவந்து கட்டிட்டுப் போனான்னு சிலபேர் சொல்வாங்க. பெத்தணன் வாங்கிக்கலைன்னும் சிலபேர் சொல்வாங்க.

அந்த ஏத்தத்துக்கு இன்னைக்கும் மயிலை ஏத்தம்னுதான் பேரு. மாட்டுப்பொங்கலுக்கு ஊர்மாடு அந்த வழியாப் போறப்ப, முக்காவாசி ஏறுனதும் நிப்பாட்டி, கொஞ்சம் பின்னால நடத்தி, அப்புறம்தான் மேல ஓட்டணும். இப்ப மாடு ஏது? டிராக்டர்தான் வருது. அதுவும் அந்த இடத்துல நின்னு, ரிவர்ஸ்ல கொஞ்சம் இறங்கி, அப்புறம்தான் ஏறும். பின்னால வண்டியில வர்ற வெளியூர் டிரைவர் புரியாம முழிப்பாரு. நம்ம ஊர்க்காரங்க யாரும் ஆரன் அடிக்க விடமாட்டாங்க. டிராக்டருக்குப் பின்னால நிக்கிற சனம், ஒருத்தரும் சொல்லாமலே ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிடும்.