எம்லினோட கொக்கி

அந்தக் கொக்கியில மட்டும் கோட்ட மாட்டாதீங்க தம்பி. நாற்காலி மேல போடுங்க. காலியாத்தான் இருக்கு, இருந்தாலும் வேணாம்.

பப்போட வரலாறுதானே எழுதணும்? உக்காருங்க, சொல்றேன். இந்த வேல்ஸ் மலையில நிலக்கரிச் சுரங்கம் தோண்டின வருஷமே எங்க தாத்தா இங்க பீர் ஊத்த ஆரம்பிச்சுட்டாரு. கரித்தூள் துப்பிக்கிட்டு வர்ற ஆளுங்க, ஒருத்தன் வாய் வெச்சதுல இன்னொருத்தன் குடிப்பானா? அதான் ஆளுக்கொரு குவளை, ஆளுக்கொரு கொக்கி. அப்பன் செத்தா கொக்கி மகனுக்கு. சுரங்கத்த மூடியாச்சு, குவளைங்க இன்னும் தொங்குது பாருங்க. உங்கள மாதிரி வெளியாளுக்குத்தான் கண்ணாடி டம்ளரு.

திரும்பாதீங்க. பின்னாடி பேச்சு நின்னுபோச்சு, எனக்கும் தெரியுது. பழைய சுரங்க ஆளு க்விலிமும் அவன் கூட்டாளிங்களும்தான். நீங்க பாட்டுக்கு என்னையே பாத்துப் பேசுங்க.

காலிக் கொக்கியா? விட மாட்டீங்க போல. எம்லினோடது. பெரிய ஸ்ட்ரைக்குல ஊரே பட்டினி கெடந்தப்போ, கல்லடிக்குப் பயந்து கம்பிவலை போட்ட கம்பெனி வண்டியில தலையக் குனிஞ்சுகிட்டு வேலைக்குப் போனான். கைக்குழந்தைக்குப் பால் இல்லையாம். யார் வீட்டுல இருந்துச்சு? க்விலிம் குடியிருந்த வீட்டையே வித்தான். ஸ்ட்ரைக்க உடைச்சவன் குவளைய வாசப்படியில போட்டு உடைக்கறது இங்க வழக்கம். அதோட அந்தக் கொக்கிய யாரும் தொடக் கூடாது. எம்லின் அந்த வாரமே ஊர விட்டுப் போயிட்டான்.

உடைச்சது யாரா? நான்தான். இன்னைக்கு அவன் அப்படிப் போனாலும் உடைப்பேன். உடைச்சுட்டு அழுதேன், அது வேற விஷயம்.

ஏன் மூஞ்சி வெளுக்குது? உள்ள வந்ததும் கட்டடத்தப் பாக்காம அந்தக் கொக்கியத் தேடினியே, அப்பவே சந்தேகம். காது வேற அப்படியே எம்லின் காது. க்விலிமும் கண்டுபுடிச்சுட்டான், எழுந்து வர்றான். ஓடாத, உக்காரு. வண்டியில போனவன் உன் அப்பன். நீ தொட்டில்ல கெடந்த.

எப்படியிருக்கான்?

...செத்துட்டானா? மார்ச்சுலயா? அடப்பாவி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா ஒருத்தருக்கும்?

அந்த டம்ளரக் கீழ வை. இந்தா, புதுக் குவளை. குடிச்சுட்டு நீயே போய் அந்தக் கொக்கியில மாட்டு.

க்விலிம், அங்கயே நில்லு. அப்பன் செத்தா கொக்கி மகனுக்கு, அதுவும் இங்க வழக்கம்தான். கைய கிய ஓங்கின, உன் குவளையும் வாசப்படிக்குப் போயிரும். இது என் அண்ணன் புள்ள.