மூன்றாம் மாடிச் செருப்பு அலமாரி

உங்கள் வாசலில் செருப்பை எங்கே விடுவது என்று தெரியவில்லை. யாரும் தடுக்கி விழாதபடி சுவரோரமாக விட்டிருக்கிறேன். நீங்கள் பூட்ஸோடுதான் இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர், அது உங்கள் உத்தியோகம். நான் சொல்ல வந்தது வீடுகளைப் பற்றி.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஆறு வருடமாக நான்தான் செயலாளர். நான் வருவதற்கு முன்னால் படிக்கட்டு முழுவதும் செருப்புக் காடு. மாடிக்கு ஓர் அலமாரி, வீட்டுக்கு ஒரு தட்டு என்று செய்ய வைத்தேன். குடியிருப்பவரோ விருந்தாளியோ, காலில் இருப்பதைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. இதில் ஒரு வசதியும் உண்டு. தட்டைப் பார்த்தாலே வீட்டில் ஆள் இருப்பது தெரிந்துவிடும். கூரியர்காரன்கூட மணி அடிப்பதற்கு முன்னால் தட்டைத்தான் பார்ப்பான்.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் தனியாக இருந்தாள். இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மாலைவரை தூங்குவாள். நல்ல பெண்தான், இல்லாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் அவளிடம் இருந்த அந்த ஒரே ஜோடி வெள்ளை ஷூவைத் தட்டில் வைக்க மட்டும் அவளுக்குக் கை வராது. ஒன்று அவள் வாசலில் கிடக்கும், மற்றது என் வாசல் கால்மிதி மேல். ஆஸ்பத்திரித் தரையெல்லாம் மிதித்த ஷூ.

மூன்று முறை சொன்னேன். "சாரி அங்கிள், நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு. நாளைக்குக் கண்டிப்பா வெச்சிடறேன்" என்பாள். அந்த நாளை வரவே இல்லை. என் மனைவி வேறு அவளுக்கு வக்காலத்து வாங்குவாள். "பன்னெண்டு மணி நேரம் நிக்கிற பொண்ணுங்க அது. நீங்களே எடுத்து வெச்சா கை தேஞ்சா போயிடும்?"

சரி என்று எடுத்து வைத்தேன். போன செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. தட்டில் அல்ல, ஒரு துணிப்பையில் போட்டு என் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்தேன். மாலையில் வெறுங்காலோடு தேடி அலைந்தால் புத்தி வரும் என்று நினைத்தேன். வேறு எந்த எண்ணமும் இல்லை.

பத்தரை மணிக்குக் கீழே மெத்தைக் கடையில் தீப்பிடித்தது. புகை படிக்கட்டு வழியாக ஏறியது. காவலாளி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுக் கதவையும் பலமாகத் தட்டினார், அவரைக் குறை சொல்லக் கூடாது. பதில் இல்லை. அலமாரியைப் பார்த்தார், ஷூ வழக்கமாகக் கிடக்கும் வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், நர்ஸம்மா உள்ள இருக்காங்களா?"

இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் ஷூ எங்கே என்ற கேள்வி வரும். படியில் இரண்டு குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. செயலாளரே செருப்பை எடுத்து ஒளித்தார் என்றால் ஊர் சிரிக்காதா? எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

"தட்டு காலியா இருக்கேப்பா" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் நான்காம் மாடிக்கு ஓடினார்.

இறங்கும்போது நான் பையை எடுத்துக்கொண்டேன். தீயணைப்புக்காரர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் அவர்கள் கையில் அகப்பட்டுவிடும். தெருவில் அவர்களுடைய அதிகாரி மாடி மாடியாக விசாரித்தார். செயலாளர் என்ற முறையில் நான்தான் பதில் சொன்னேன். மூன்றாம் மாடியில் யாரும் இல்லை என்றேன். மரியாதையான மனிதர், என் பேச்சை நம்பி ஏணியை மேலே திருப்பினார். அவள் ஜன்னலில் அப்போது புகை அவ்வளவாக இல்லை.

"பைல என்னங்க?" என்று மனைவி கேட்டாள்.

"வீட்டுப் பத்திரம்."

மதியம் அவளைக் கதவுக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். தாழ்ப்பாளுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தாளாம். எனக்கும் மனசு கேட்கவில்லை, அன்று இரவு சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். செருப்பைக் கழற்றித் தட்டில் ஒழுங்காக வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். இந்தப் பழக்கம் மகளுக்கு வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். "எல்லாம் கெடச்சுது, அவ ஷூ மட்டும் காணோங்க. வெறுங்காலோடவா வேலையிலேர்ந்து வந்திருப்பா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் போன பிறகு என் மனைவி எழுந்துபோய்ப் பையைத் திறந்து பார்த்தாள்.

இதோ அந்த ஷூ. துடைத்து, அறுந்திருந்த நாடாவையும் மாற்றியிருக்கிறேன், அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். எடுத்தது நான். அவள் உள்ளே தூங்குகிறாள் என்று தெரிந்தே, இரண்டு முறை கேட்டும் சொல்லாமல் விட்டதும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவள் முதல் நாளே தட்டில் வைத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் முக்கியமாக வந்தது வேறு விஷயத்துக்கு. அன்றிலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதில்லை. தெருச் செருப்போடு அடுப்படிவரை போகிறாள், கட்டிலில் ஏறும்போதுகூடக் கழற்றுவதில்லை. முப்பது வருடத்தில் அவள் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் கேட்பாள். தரையெல்லாம் மண், இன்ஸ்பெக்டர். அந்த வீட்டில் நான் எப்படிக் கால் வைப்பது?