எட்மோன் கண்டெடுத்த ராசா நகை

அலோ... அலோ... யாரு? ... எட்மோனா? சொல்லுடா மருமவனே, அந்துவானேத் அத்தைதான் பேசுறேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது? ...

தங்கமா? ... வுங் டாவ் கடற்கரையிலயா? ... ஞாயித்துக்கெழமை கண்டெடுத்துட்டு இன்னிக்கித்தான் சொல்றியா, கள்ளா. ... ஆமா... ஆமா... சம்பா நாட்டு ராசா காலத்து நகையா? யாரு சொன்னது? ... மியூசியத்து ஐயாவா? அப்ப சரிதான். எங்க அண்ணன் வூட்லயும் ஒரு பெரிய மனுசன். ... சிரிக்காதடா. உன் கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப் புடவை எடுத்தே ஆகணும், சொல்லிட்டேன்.

பத்திரிகைக்காரங்களா? சாயங்காலம் நாலு மணிக்கா? ... நகையோட சேத்து உன்னை போட்டோ எடுக்கறாங்களா! அந்த நீலச் சட்டையைப் போட்டுக்க. தலையை ஒழுங்கா வாரிக்க. மாமா காலையில மொத வேலையா பேப்பர்தான் பாப்பாரு. ...

சரி, அது எப்படித்தான் இருக்கு? ... ம்... கட்டைவிரல் நகம் அளவு... ம்... மேல ஒரு வளையம்... நடுவுல கொக்கா? ... றெக்கையை விரிச்சுக்கிட்டு, தலைகீழா எறங்குற கொக்கு...

எட்மோன், இரு. கொக்குக்குக் கழுத்து நீளமா, குட்டையா? ... குட்டை. ... ஓரத்துல? ... ரெண்டு சின்னப் பள்ளம். அது பழங்காலத்து எழுத்துன்னு சொன்னாரா அந்த ஐயா? ...

ஐயோ மாதாவே. இரு, கதவைச் சாத்திட்டு வரேன். மாமா உள்ள சவரம் பண்ணிக்கிட்டிருக்காரு.

... ஆங், இருக்கியா? மெதுவாத்தான் பேசுவேன், காதுல ஒட்டி வச்சுக்க. அது கொக்கு இல்லடா. புறா. இஸ்பிரீத்து சாந்து, பரிசுத்த ஆவி. நம்ம வேதக்காரங்க தாலியில வைக்கிறது. லிசேயில அத்தனை வருசம் படிச்சு என்னத்தைக் கண்ட, தாலியைப் பாத்தா தாலின்னு தெரியல... அதுவும் சரிதான், உங்கம்மா மோதிரத்தோட சரி, தாலி கட்டினதில்ல, நீ எங்க பாத்திருப்ப. ... அந்தப் பள்ளமா? எழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் மவன் ஜெரார் பல்லு மொளைக்கறப்ப கடிச்சது. ... ஆமாடா, என் தாலி. ... சிரி, நல்லா சிரி. எனக்கும் சிரிப்பு வருது, அழுகையும் வருது.

பத்து வருசம் இருக்கும். அங்கதான் குளிக்க எறங்கினேன். ஏறி வந்து பாத்தா சங்கிலி இருக்கு, தாலியக் காணோம். மாமா அப்ப பிரெஞ்சுப் பட்டாளத்துல, வடக்க சண்டையில இருந்தாரு. தாலி கடலோட போச்சுன்னு அந்த மனுசனுக்கு எப்படிடா எழுதுவேன்? சோலோன்ல ஒரு கடையில பித்தளையில இதே மாதிரி செஞ்சு, முலாம் பூசி மாட்டிக்கிட்டேன். ... இல்ல, இன்னிவரைக்கும் அவருக்குத் தெரியாது. மொத மூணு வருசம் கருத்துக்கிட்டே இருந்துச்சு, புளி போட்டுத் தேய்ச்சு என் விரலே தேஞ்சு போச்சு. என் மக ஐரேன் பொறந்ததுலேருந்து கருக்கவேயில்ல. லாவாங் மாதா செஞ்ச புதுமை. மாசாமாசம் மெழுகுதிரி ஏத்துறேன். ...

அதனால போட்டோ கீட்டோ ஒண்ணும் கூடாது. பேப்பர்ல வந்தா மாமா ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவாரு. ... மியூசியத்து ஐயா கோவிச்சுக்குவாரா? வேணும்னா ஜெராரோட பால் பல்லு ஒண்ணு பத்திரமா வச்சிருக்கேன், அதைக் குடுத்தனுப்புறேன். ஒரு சிக்லோ வண்டி பிடிச்சு உடனே...

ஆ... என்னங்க? ... ஒண்ணுமில்லீங்க, நம்ம எட்மோன்தான். ... ஆமா ஆமா, மீன் வாங்கறதைப் பத்தி... மூஞ்சி பூரா சோப்பு, போயி முடிங்க. ... என்னது? ... எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?

எட்மோன், வச்சுடாத. உன் மாமா சிரிக்கிறாரு. ... என்னங்க சொல்றீங்க? ... ஐரேன் பொறந்தப்பவா? ... ஆஸ்பத்திரியில நர்சம்மா என் சங்கிலியைக் கழட்டி உங்க கையில குடுத்தாங்களா... ... நீங்க மாத்திட்டீங்களா?

அப்ப இது? ... தங்கமா? ஏழு வருசமா என் கழுத்துல கெடக்கறது தங்கமா? ... ஏங்க ஒரு வார்த்தை சொல்லல? ... நானா சொல்லட்டும்னா... நான் பயந்துக்கிட்டு இருந்தேங்க... ...

எட்மோன், கேட்டியாடா? உன் அத்தைக்கு இப்ப ரெண்டு தாலி, ஒரே புருசன். ... ராசா நகையைப் பத்திரமா எடுத்துக்கிட்டு வா, மத்தியானம் இங்கதான் சாப்பாடு. ... மெழுகுதிரியா? ஆமாடா, அத்தனையும் யாருக்குப் போயிருக்கணும் பாரு. ... வை, வை. உன் மாமா கன்னத்துல சோப்பு காயுது, நான் தொடைச்சு விடணும்.