பாங்கு கேட்கும் தூரம்

— வரம்பில ஏறாதீங்க அக்கா! இன்னும் பாங்கு சொல்லல்ல. கொஞ்சம் பொறுங்க, இறங்கி அந்தத் துண்டுக் களையையும் பிடுங்கி முடிங்க.

— நான் இறங்கமாட்டன், அன்ஸார் தம்பி. கால் கழுவியாச்சு.

— இரத்தினேஸ்வரி அக்கா, நீங்க ஏறினா இருபது பேரும் ஏறுவாங்க.

— அதுக்குத்தானே ஏறினனான்.

— வயல்கார ஹாஜியாரோட பேசின பேச்சு என்ன? காலம ஏழு மணிக்கு இறங்குற, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டா ஏறுற. கேட்டதா?

— ஊர்ப்பக்கத்து வயலெண்டால் பள்ளி ஸ்பீக்கர் எங்கட காதுக்கே கேக்கும். இந்தக் காட்டோரத்தில மயில் கத்துறதுதான் கேக்குது. எங்கட போனெல்லாத்தையும் காலமையே வாங்கி உங்கட மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ள பூட்டிப்போட்டு, பாங்கு கேட்டா நான் சொல்லுறன் எண்டு நிக்கிறீங்கள்.

— என்ட போன்ல பாங்கு வந்தா சொல்லுவன்தானே.

— பத்து நாளாச் சொல்லுறீங்கள். நீங்கள் சொல்லி ஏறி, எங்கட ஊர் கட்டைபறிச்சானுக்கு நடக்க, பாதி வழியில பொழுது பட்டிடுது. முந்தநாள் எங்களோட வந்த ஜெயரூபிக்கு என்ன நடந்தது?

— அது யானை, அக்கா. யானைக்கு நான் என்ன செய்ய?

— யானை தன்ர நேரத்துக்குத்தான் வருது, தம்பி. நாங்கள்தான் பிந்திப் போறம். ஓடி வாய்க்காலுக்குள்ள விழுந்து, கால் முறிஞ்சு கிடக்கிறாள். கைப்பிள்ளைக்காரி.

— ஹாஜியார் பார்க்கப் போறதாச் சொன்னவர்.

— பார்த்தால் கால் பொருந்துமோ?

— கொஞ்சம் பொறுங்க. நஜ்முன் நிஸா, நீ சொல்லு தங்கச்சி. பாங்கு கேட்டியா?

— இல்ல அன்ஸார் காக்கா, கேக்கல்ல.

— பாத்தீங்களா அக்கா? எங்கட ஆளே சொல்லுது.

— உங்கட ஆள், எங்கட ஆள் எண்டு பிரிக்காதேங்கோ தம்பி. அட்டை எங்கள் எல்லாரையும்தான் கடிக்குது.

— நான் இன்னும் முடிக்கல்ல காக்கா. பாங்கு கேக்கல்ல. ஆனா பின்னேரம் தண்ணி எடுக்கப் பம்புக் கொட்டிலுக்குப் பின்னால போனன். நேத்தும் போனன், இண்டைக்கும் போனன்.

— அதுக்கென்ன?

— முசல்லா விரிச்சுத் தொழுதுக்கிட்டு நிண்டீங்க.

— அது… அது ளுஹர்.

— ளுஹர நாங்க பகல் சோறு தின்னக்குள்ள தொழுதீங்க, எல்லாரும் பார்த்தம். இது அஸர் காக்கா. நேரம் வராமத் தொழுதா அந்தத் தொழுகை கூடாது, செல்லாது எண்டு உங்கட உம்மாதான் எங்களுக்கு ஓதித் தந்தவ.

— மெல்லக் கதை, நிஸா.

— பத்து நாளா மெல்லத்தானே கதைச்சம். அல்லாஹ்வுக்கு முன்னால நேரத்துக்குப் போய் நிண்டுட்டு, வரம்புக்கு வந்து எங்களுக்கு மட்டும் நேரம் வரல்ல எண்டுறீங்க. சொல்லுங்க காக்கா, இண்டைக்கு நீங்க தொழுத அஸர் கூடுமா, கூடாதா?

— எனக்கு மூணு பிள்ளை இருக்கு, தங்கச்சி. ஹாஜியார் பிந்தி ஏத்தச் சொன்னதைச் செய்யாட்டி நாளைக்கு இந்த வரம்பில வேற ஒருத்தன் நிப்பான்.

— நிக்கட்டும் தம்பி. வயலுக்குள்ள இறங்க ஆள் வேணுமே. நாங்கள் வராட்டில் களைதான் கதிர் தள்ளும்.

— ஹாஜியார் இலங்கைத்துறை ஊரில இருந்து ஆள் எடுப்பார், அக்கா.

— எடுக்கட்டும். அங்க ஜெயரூபின்ர தங்கச்சிதான் ஆள் சேர்க்கிறவள். அக்கான்ர கால் முறிஞ்ச வயலுக்கு வாங்கோ எண்டு ஊரைக் கூட்டிவருவாளோ? பெட்டித் திறப்பைத் தாங்கோ. போனை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தோட வீட்டை போகப்போறம்.

— அக்கா, கொஞ்சம்…

— பொறுக்கேலாது. அங்க பாருங்கோ, மற்றாக்களும் நிமிந்திட்டினம்.

— காக்கா, உங்கட போன் அடிக்குது.

— ஹாஜியார்தான்.

— எடுங்க. எங்களுக்கும் கேக்கட்டும்.

— இந்தாங்க அக்கா, திறப்பு. ஹலோ, ஹாஜியார்… ஓம், வயல்லதான். ஓம், எல்லாரும் ஏறிட்டாங்க… ஆர் ஏறச் சொன்னதா? நான். பாங்கு பத்து நாளும் நேரத்துக்கே எனக்குக் கேட்டது, ஹாஜியார். இண்டைக்குத்தான் சொன்னன்.