பத்து லட்சம் முத்துராஜா

— கேட்டியா அய்யாத்துரை, நேத்து என் காப்பி ஆறுறதுக்குள்ள பத்து லட்சம் முத்துராஜாவ மலையில நடக்கவிட்டேன்!

— காணாமப் போனது என் தம்பி ஒருத்தன்தான், இருதயம் சார். நீங்க காலேஜுல புள்ளியியல் நடத்தி ரிட்டயர் ஆனவுக, மந்திரவாதி இல்ல.

— எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளப்பா. பொய் முத்துராஜா ஒவ்வொருத்தனையா நடக்க விடுறது. நிக்கிற எடத்துலருந்து ஒரு அடி வைப்பான். தடயத்துக்குப் பொருந்துனா அங்கன நிப்பான், பொருந்தலைன்னா பெரும்பாலும் திரும்பிருவான். எங்கன ரொம்ப நேரம் நிக்கிறானோ, அங்கன தேடணும்.

— தேட வந்தவுகளும் அதத்தான் பண்ணுனாக. அவுக கம்ப்யூட்டரு குமுளி மலைப் பள்ளத்தக் காட்டுச்சு. அவன் மலையேறுனத நானே பாத்தேன்ல?

— நீ சொன்ன எடத்துலருந்துதான அவுக பொய் முத்துராஜாவக் கெளப்புனாக! சின்னச் சின்ன அடி. செக்குமாடு மாதிரி அந்தப் பள்ளத்தையே சுத்துனான். நான் நாலு குடிகாரனச் சேத்துவிட்டேன்.

— குடிகாரனா?

— தடயத்தச் சட்டை பண்ணாமத் தாவுற பயலுக. அதுல ஒருத்தன் தடுக்கி நல்ல எடத்துல விழுந்தான்னா, குடிக்காத முத்துராஜா அந்த எடத்தப் பிடிச்சுக்குவான். அவுகளுக்கு ஒரு வாரம் ஆனது எனக்கு ஒரு காப்பி!

— செத்தானா பொழைச்சானான்னே தெரியல. சிரிக்கிறீகளே சார்.

— சிரிக்காம? எல்லாப் பயலும் மலைய விட்டு எறங்கி, கம்பத்துக்கு உன் திராட்சைத் தோட்டத்துக்கே வந்துட்டானுக!

— அவன் போன் கடைசியா கேரளா டவர்ல இருந்துச்சே?

— உன் மேக்கு வரப்புல நின்னு பாரு, கேரளாவுக்கு வருகன்னு என் போனுக்கே மெசேஜ் வருது. மதுரையிலருந்து தேட வந்தவுகளுக்கு அது தெரியுமா? மோப்ப நாயும் அந்த வரப்புலதான் படுத்துச்சு. நீதான கருவாட்டு வாசத்துக்குப் படுத்திருக்குன்னு அத வெரட்டிவிட்ட!

— பங்கு கேட்டுச் சண்ட போட்டுப் போனவன், தோட்டத்துக்கு எதுக்கு வாரான்?

— அத அவன்ட்டதான் கேக்கணும். தேடுன எடத்தையெல்லாம் கழிச்சாச்சு. அந்த வரப்போரம் கல்லு மூடிக் கெடக்கிற பழைய கெணறுதான் பாக்கி. பத்து லட்சம் பேரும் அதுமேலதான் குமிஞ்சு நிக்கிறானுக. தீயணைப்புக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டு இருக்காக. அங்கன இல்லைன்னா என் மீசைய எடுத்துர்றேன்! இப்பவும் நம்ப மாட்ட?

— உள்ளதான் கெடக்கான் சார். அவனாத்தான் தவறி விழுந்தான். கல்லப் போட்டு நான் மூடுன பொறகும், அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிட்டான்.