பதினொன்றாம் கேள்விக்குப் பூஜ்யம்

நான் எந்தப் படிவத்தையும் தாமதமாக அனுப்பியதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி முழுக்கக் கேட்டுப் பாருங்கள். கொரீனா ஸ்டில்ட்னர் கைக்குப் போன காகிதம் தேங்கியது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

என் வேலை சின்னது. ஆசிரியர்களின் தரத்தை உயர்த்த வாஷிங்டன் எல்லா மாநிலங்களுக்கும் நிதி தருகிறது. அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று ஆண்டுக்கொரு முறை கேட்கிறது. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், தகுதியில்லாதவர்கள் இன்னும் எத்தனை பேர் வகுப்பில் நிற்கிறார்கள், இப்படி இருபத்தாறு கேள்விகள். எங்கள் மாநிலத்துக் கவுண்டிகளிடம், அதாவது மாவட்டங்களிடம், பதில் வாங்கி, ஒரே படிவமாகச் சேர்த்து அனுப்புவது நான்.

பதினொன்றாம் கேள்வி இது: வேதியியல் படிக்காமல், ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சியும் பெறாமல், வேதியியல் நடத்துகிறவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம் என்று போட்டால் பன்னிரண்டுக்குப் போய்விடலாம். ஒன்று என்று போட்டாலோ நாற்பது பக்க விளக்கம், திருத்தத் திட்டம், பெட்டியோடு வந்து இறங்கும் அதிகாரிகள். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் மூன்று என்று போட்டார். ஜூன் மாதம் அவருடைய ஒப்பந்தத்தை அலுவலகம் புதுப்பிக்கவில்லை.

அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கவுண்டி பதில் அனுப்பாவிட்டால் போன வருஷத்து எண்ணை இழுத்துப் போடுவோம். போன வருஷம் போட்டவர் அதற்கு முந்தைய வருஷத்திலிருந்து இழுத்திருப்பார். அந்தப் பூஜ்யத்தை முதன்முதலில் யார் எண்ணிப் பார்த்து எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. பூஜ்யம் போட்ட கவுண்டிக்குப் பயிற்சியாளரும் போகமாட்டார். தேவையே இல்லாத ஊருக்கு எதற்குப் போகவேண்டும்?

நான் மாரோ ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்கக் கவுண்டிக்காரி. அங்கே எங்களுக்கு வேதியியல் நடத்தியவர் கூடைப்பந்துக் கோச். வீடியோவைப் போட்டுவிட்டு விளையாட்டுப் பக்கம் படிப்பார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். முதல் ஆய்வக வகுப்பில் பர்னரைப் பற்றவைக்கத் தெரியாமல் நின்றேன். பக்கத்து மேஜைக்காரன், "எந்தச் சுரங்கத்துலேர்ந்து தோண்டி எடுத்தாங்க உன்னை?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே, தெரியாதவர்கள் கையில் ஆய்வகத்தைக் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. இந்த வேலைக்கு நான் வந்ததே அதற்காகத்தான்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய். தினமும் நான்கு ஊசி. வேலை இருந்தால் காப்பீடு, காப்பீடு இருந்தால் இன்சுலின். வேலை போனால் எத்தனை நாள் தாங்கும் என்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து குப்பிகளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

ரெனீட்டா பிளெவின்ஸ் என்னோடு படித்தவள். பள்ளிப் பேருந்தில் ஒரு முறை நான் மயங்கிச் சரிந்தபோது தன் ஆப்பிள் ஜூஸை என் வாயில் ஊற்றியவள் அவள்தான். அதன் பிறகு பள்ளி முடியும்வரை அவள் பையில் எனக்கென்று ஒரு ஜூஸ் இருக்கும். படித்துவிட்டு எங்கள் பள்ளிக்கே வரலாற்று ஆசிரியையாகப் போனாள். போன வருஷம் செப்டம்பரில் கூப்பிட்டாள்.

"ஏய் கொரீனா, வேதியியலை என் தலைல கட்டிட்டாங்கடி. இருந்தவரு பக்கத்து மாநிலத்துக்குப் போயிட்டாரு. நான் உள்நாட்டுப் போர் நடத்துறவ. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் எனக்கு நாக்குல வெச்சாத்தான் தெரியும்."

"போகப் போகப் பழகிடும்."

"பழகுறதுக்கு அது என்ன புது மாப்பிள்ளையா? அலமாரில இருக்கற பாட்டில்ல பாதிக்கு லேபிளே கிடையாது. சிரிக்காத. எங்க கவுண்டியோட சர்வே படிவத்தையும் என்னையே நிரப்பச் சொன்னாங்க. பயிற்சி குடுங்க, இல்லேன்னா வகுப்பை மாத்துங்கன்னு அதுலயே எழுதி அனுப்பிட்டேன். பெரிய ஆபீஸ்ல உக்காந்திருக்கற மேடம்தானே நீ? கண்ணுல பட்டா மேல தள்ளிவிடு."

"பார்க்கிறேன்" என்றேன்.

பார்த்தேன். நீல மையில், பதினொன்றாம் கேள்விக்கு நேராக ஒன்று என்று எழுதி, 'அது நான்தான்' என்று பக்கத்திலேயே குறித்திருந்தாள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. என் மேலதிகாரி பிரூவிட் எட்டிப் பார்த்தார்.

"மாரோ ஃபோர்க் வந்துச்சா?"

"இன்னும் வரல சார்."

"அப்ப இழுத்துப் போட்டுரும்மா."

படிவத்தை மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன். பூஜ்யம் போட்டேன். மறுநாள் வாஷிங்டனிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "உங்க மாநிலந்தான் முதல்ல அனுப்பியிருக்கு. எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல" என்றாள். அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நவம்பரில், பாடம் சலிப்பாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னதால், ரெனீட்டா இணையத்தில் பார்த்த ஒரு வண்ணச் சுடர் வித்தையைச் செய்து காட்டினாள். சுடர் அடங்குவதைப் பார்த்து, பெரிய பாட்டிலிலிருந்து மெத்தனாலை நேராக அதன் மேல் ஊற்றினாள். பயிற்சியின் முதல் மணி நேரத்தில் செய்யக்கூடாது என்று சொல்லித்தரும் காரியம் அது. தீ பாட்டிலுக்குள் ஏறி முன்வரிசைக்குப் பாய்ந்தது. டெஸ்ஸா மலின்ஸுக்குப் பதினாறு வயது. ரெனீட்டா வெறும் கையால் அவளை அணைத்து அணைத்துத் தீயை அமுக்கியிருக்கிறாள். முழங்கைவரை இரண்டு கைகளும் வெந்துபோயின. டெஸ்ஸா பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தாள்.

பயிற்சி கேட்டு மாநிலத்துக்கு எழுதினேன் என்று ரெனீட்டா போலீஸிடம் சொன்னாள். பிரூவிட் என்னிடம் கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

செப்டம்பரில் மாநிலத் தலைநகரில் நடந்த ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சியின் வருகைப் பட்டியல் என்னிடம் இருந்தது. கடைசி வரி காலி. பள்ளியில் நானும் அவளும் ஒருவர் கையெழுத்தை ஒருவர் போட்டுப் பழகியவர்கள். தாமதச் சீட்டில் அவளுக்காக நான் எத்தனை தடவை போட்டிருப்பேன். முதல் எழுத்தின் வாலை நீளமாக இழுப்பாள். கை மறக்கவில்லை.

அந்தப் பட்டியலை நான்தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனேன். பயிற்சி பெற்றும் அலட்சியமாக இருந்தார் என்று தீர்ப்பு. நான்கு வருஷம் சிறை. பயிற்சி நடந்த அன்று அவள் தன் பள்ளியில் ஆறு வகுப்பு எடுத்திருக்கிறாள் என்று நீங்கள் இப்போது கண்டுபிடித்திருக்கிறீர்கள். அவளுக்கு அரசு கொடுத்த வக்கீல் அதைத் தேடவில்லை. நானும் அதை யோசிக்கவில்லை. கவனக்குறைவுதான்.

சாட்சி சொல்லிவிட்டு நடைவழிக்கு வந்தபோது எதிரே அவளை அழைத்துவந்தார்கள். கைகளில் துணி சுற்றியிருந்தது. அந்தக் கையெழுத்தைப் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. என் முகத்தையே பார்த்தாள்.

"வெளுத்துப்போய் நிக்கிறியேடி. சாப்பிட்டியா? பைல ஜூஸ் இருக்கா?"

இருக்கிறது என்றேன். இருந்தது.

கல்நெஞ்சக்காரி என்று எழுதிக்கொள்வீர்கள். எழுதுங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பூஜ்யம் உடைந்தால் மற்றக் கவுண்டிகளின் பூஜ்யங்களையும் தட்டிப் பார்ப்பார்கள். நிதி நிற்கும். நட்டம் யாருக்கு? என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு. அவர்களுக்காக யாராவது ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

அவளுடைய படிவத்தை நான் கிழிக்கவில்லை. இன்னும் கீழ் இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இந்த வருஷத்துப் படிவமா? போன வாரமே அனுப்பிவிட்டேன், நீங்கள் வருவதற்கு முன்பே. அங்கே இப்போது யார் வேதியியல் நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மாரோ ஃபோர்க்கிலிருந்து பதில் வரவில்லை. பிரூவிட் கேட்டபோதும் வரவில்லை என்றுதான் சொன்னேன். போன வருஷத்து எண்ணை இழுத்துப் போட்டேன்.

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை.