மூச்சுப் படாமல்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் முகர்ந்து பார்ப்பதில்லை. டப்பாவின் அடியில் அச்சடித்த தேதியைப் பார்க்கிறான். தேதி தாண்டவில்லை என்றால் வாயில் போட்டுக்கொள்கிறான். அச்சடிக்கிறவனுக்குக் கை தவறாதா? எனக்கு எழுதி வைத்த எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. நீங்கள் இப்போது எழுதுகிற இந்தத் தாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தம்பி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் நிதானமாக எழுதுங்கள். நான் சொன்னதை மட்டும் எழுதுங்கள்.

அந்த வீட்டு அம்மாவும் என்னைப் போல மூக்கை நம்புகிறவர்தான். அங்கே நான் இருபத்திரண்டு வருஷம் சமைத்தேன். தினமும் காலை ஒன்பது மணிக்குச் சமையலறைக்கு வருவார். ஃபிரிட்ஜைத் திறந்து, ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்கி முகர்வார். வாசனை சரியாக இருந்தால் மேல்தட்டு, அது அவர்களுக்கு. சந்தேகமாக இருந்தால் கீழ்த்தட்டு, அது எனக்கும் துணி துவைக்கிற பெண்ணுக்கும். "நல்லா இருக்கு, சாப்பிடுங்க" என்று எடுத்துக் கொடுப்பார். வீட்டில் ஒரு நாய் இருந்தது. ஒரு தடவை நாலு நாள் ஆன கறியை அதன் தட்டில் போடப் போனேன்.

"ஐயோ, அதுக்குப் போடாதப்பா. வயிறு கெட்டுடும். நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுடுங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாய் மேல் அவருக்கு உண்மையான பாசம்.

சாப்பிட்டோம். மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் கட்டியிருக்கும், கரண்டியால் வழித்து எறிந்துவிட்டுச் சாப்பிடுவோம். நாக்கில் புளிப்பு ஒட்டும். கொழுப்பு சோப்பு மாதிரி அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். எத்தனை நாள் அப்படித் தின்றிருப்போம் என்று கேட்காதீர்கள், உங்களுக்கே குமட்டும்.

துவைக்கிறவள் என் கூடப் பிறந்தவள் இல்லை. பதினான்கு வருஷமாக அண்ணே என்று கூப்பிட்டாள், அதனால் எனக்குத் தங்கச்சி. வாய் கொஞ்சம் நீளம். எதைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளிக்காமல் தின்பாள். "நம்ம வயிறு இரும்புண்ணே. செத்தா நம்மள எடைக்குப் போட்டுடலாம்" என்பாள்.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். எழுந்து நடமாடிய முதல் நாள், திரிந்துபோன பாலை முகர்ந்து பார்த்துவிட்டு மேல்தட்டில் வைத்தார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்கு எந்த வாசனையும் தெரியலப்பா. ஐயாகிட்ட சொல்லித் தொலைக்காதே. இந்த வீட்ல எனக்கு இருக்கிற மரியாதையே என் மூக்கு ஒண்ணுதான். இனிமே நீ மோந்து பாத்து என் காதுல சொல்லு."

அப்படித்தான் அந்த வீட்டு மூக்கு என் முகத்துக்கு வந்தது.

என் முதல் தப்பு அங்கே நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். நேற்றுச் செய்த நல்ல கோழியை முகர்ந்துவிட்டு, "லேசா வாடை அடிக்குதும்மா" என்றேன். அது கீழ்த்தட்டுக்கு வந்தது. மறுநாள் மீன் வந்தது. ஒரு மாதத்தில் தங்கச்சிக்குக் கன்னத்தில் சதை போட்டது. எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "ரொம்ப நல்லா கெட்டுப்போயிருக்குண்ணே, இன்னொரு துண்டு வைங்க" என்றாள். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. காலம் அப்படியே போயிருந்தால் நானும் என் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

ஒரு நாள் அம்மாவுக்குப் புதுச் சந்தேகம் வந்தது. நான் பாத்திரத்தின் மேல் குனிந்திருப்பதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூச்சை உள்ள இழுக்கற, சரி. வெளிய எங்க விடற?"

"மூக்கு வழியாத்தாம்மா."

"சாப்பாட்டு மேலயா?"

மலத்தை மிதித்தவர் மாதிரி அவர் முகம் போயிற்று. அன்றிலிருந்து அதற்கும் ஒரு முறை வைத்தார். மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அடக்கிக்கொண்டே பின்வாசல் வரை நடந்து, வெளியே போய் விட வேண்டும். திரும்பி வந்து சொல்ல வேண்டும். அந்த வாசலுக்குப் பதினோரு எட்டு நடை. எனக்கு அறுபத்தெட்டு வயது, நெஞ்சு நிறையச் சளி. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பாத்திரம். அவர்கள் தின்று கழித்த மிச்சம் எனக்குச் சாப்பாடு, என் மூச்சு அவர்களுக்கு அசிங்கம். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சி துவைக்கிற தொட்டிக்கரையிலிருந்து பார்ப்பாள். "என்னண்ணே, இஞ்சின் மாதிரி வாசலுக்கு வந்து வந்து ஆவி விடறீங்க?" என்பாள். நான் சிரிப்பேன். உள்ளுக்குள் சிரிப்பு வராது.

இந்த மாதம் அம்மாவுடைய மகளின் கல்யாணத்தைப் பேசி முடிக்க ஒரு பெரிய குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்பு புயலடித்து ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அதிலிருந்து படுக்கையறைகளுக்கு மட்டும்தான் கம்பி இழுத்திருந்தார்கள். சமையலறையில் யார் இருக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஃபிரிட்ஜில் பத்துக் கிலோ கறி. கடைகள் இன்னும் திறக்கவில்லை.

"இன்னிக்கு முக்கியமான நாள்" என்று சொல்லி, அம்மா ஒரு துணியை என்னிடம் நீட்டி வாயைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னார். எனக்கு அந்தத் துணியைத் தெரியும், நாயைத் துடைக்கிற துணி. தங்கச்சி துவைத்தது, அதனால் சுத்தமாகத்தான் இருந்தது. கட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினேன். கண்ணுக்குக் கறி சிவப்பாக, அழகாக இருந்தது. நாற்றம் மட்டும், எலி செத்துக் கிடக்கும் அலமாரியைத் திறந்தது மாதிரி, ஒரு மாதிரி இனிப்பாக, தொண்டை வரை இறங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தேன். வெளியே விட்டேன். பதினோரு எட்டு திரும்பி வந்தேன்.

"நல்லா இருக்கும்மா."

இரண்டே வார்த்தை. இருபத்திரண்டு வருஷம் அவர் எங்களுக்குச் சொன்ன அதே வார்த்தை.

மிளகையும் பூண்டையும் எலுமிச்சையையும் அள்ளிப் போட்டேன். விருந்தாளிகளுக்கு மூக்கு இருக்கிறதே. சமையலை வாசனையாகச் செய்வது சமையல்காரனின் பொறுப்பு, அதை என் குற்றத்தில் சேர்க்காதீர்கள்.

கதவுச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயோரம் எண்ணெய் வழிய வழியத் தின்றார்கள். ஐயா எலும்பை உடைத்து உறிஞ்சினார். வந்திருந்த பெரிய மனுஷி, இதை எப்படிச் செய்தான் என்று கேட்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். கடைசி வாய் வரை பார்த்தேன்.

கல்யாணப் பேச்சு நல்லபடியாக முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மா அதுவரை செய்யாத ஒரு காரியம் செய்தார். மேசையில் பரிமாறிய பாத்திரத்திலிருந்தே ஒரு தட்டு நிறையக் கறி எடுத்து, ஆவி பறக்கத் தன் கையாலேயே தொட்டிக்கரைக்குக் கொண்டுபோனார். நான் பின்னாலேயே போனேன்.

"இந்தா, இன்னிக்கு உனக்கும் எங்க சாப்பாடுதான்."

தங்கச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னண்ணே, சாப்பிடலாமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"நல்லா இருக்கு. சாப்பிடு" என்றேன்.

அம்மா என்னையும் சாப்பிடச் சொன்னார், எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இருட்டுவதற்குள் மேசையில் சாப்பிட்ட ஒன்பது பேரும் விழுந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்தது. அம்மா உட்பட எல்லோரும் நாலு நாளில் திரும்பிவிட்டார்கள். ஐயா கொஞ்சம் இளைத்திருக்கிறார், முன்னைவிடப் பார்க்க நன்றாக இருக்கிறார். நாய்க்கு ஒன்றுமில்லை, அதற்கு டப்பாச் சாப்பாடு.

மறுநாள் காலை, வீடு நாறிக் கிடக்கும், துவைக்கிறவளைக் கூப்பிடு என்று ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா போன் செய்தார். கூப்பிட்டேன். முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பத்தொன்பது விரிப்பு. எல்லாவற்றிலும் வாந்தியும் பேதியும் காய்ந்து பொருக்கு தட்டியிருந்தன. நான் தண்ணீர் ஊற்றினேன், அவள் கசக்கினாள். நடுநடுவே தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருவாள்.

"பாருங்கண்ணே, அவங்களுதும் என்னுதும் ஒரே நாத்தம்தான்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னேன். எதனால் வந்தது என்று சொல்லவில்லை. "இதை அலசிட்டுப் போறேண்ணே" என்றாள். பதினாறு விரிப்பைக் கொடியில் போட்டிருந்தாள். பதினேழாவது கையில் இருக்கும்போது தொட்டியில் தலையைச் சாய்த்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். மிச்சம் மூன்றை நான்தான் அலசினேன்.

அம்மாவையும் வீட்டாரையும் கொல்ல நினைத்துத் துவைக்கிறவளைக் கொன்றேன் என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதியிருப்பதைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். முதல் பாதி சரி, எல்லோரும் சாகட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் பாதியை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. அவளைக் கொன்றது அந்த விரிப்புகள். உடம்பு முடியாதவளைக் கூப்பிட்டு வேலை வாங்கியது நானா?

அவளையாவது தடுத்திருக்கலாமே என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்றார், தம்பி. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையால் கொடுக்கிறார். அந்த நேரத்தில் வேண்டாம் என்றால் அவர் மனசு என்ன பாடுபடும்?

இதை ஏன் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? சரி, உங்கள் இஷ்டம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? போட்டாயிற்று. குனிந்தபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன், பயப்படாதீர்கள். உங்கள் தாள் சுத்தமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் வழி விடுங்கள், வாசலுக்கு வெளியே போய் விட்டுக்கொள்கிறேன்.